வீட்டு வரவு செலவு பார்க்க எது சரி: எஸ்எம்எஸ் ஆப்பா, கூகுள் ஷீட்டா, கணினி மென்பொருளா?

பாலக்கோட்டான்:

எல்லோருக்கும் வணக்கம். ஓசூர் சிப்காட்டில் வேலை. பிடித்தம் போக 38,000, மாதம் 7-ஆம் தேதி வங்கிக்கு வரும். மனைவி, பள்ளிக்குப் போகும் பையன், 8,500 ரூபாய் வாடகை வீடு. பாலக்கோடு பக்கம் ஊரில் அப்பா அம்மா, முக்கால் ஏக்கர் தக்காளி, இரண்டு கறவை மாடு. பால் பணம் சொசைட்டியிலிருந்து அம்மா கணக்குக்கு ஏறும், தக்காளிப் பணம் மண்டியில் ரொக்கமாகக் கைக்கு வரும். மாதம் 5,000 ஊருக்கு அனுப்புகிறேன், சில மாதம் அங்கிருந்தும் வரும். இதோடு ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று, ஒரு லட்சம் நகைக்கடன்.

செலவில் பாதிக்கு மேல் யுபிஐ, மீதி ரொக்கம். என்னிடம் ஐபோன், மனைவியிடம் ஆண்ட்ராய்டு, அம்மா நோட்டில் எழுதுவார். மாதச் சந்தா கட்டும் ஆப் வேண்டாம். பணம் எங்கே போகிறது என்று தெரியணும், அடுத்த மாதம் எதற்கு எவ்வளவு என்று ஒதுக்கணும். தானாக எஸ்எம்எஸ் படிக்கும் ஆப் போதுமா?

தென்பெண்ணை:

போதாதுங்க. ஐபோனில் வங்கி எஸ்எம்எஸ்ஸைப் படித்துக் கணக்குப் போட எந்த ஆப்புக்கும் அனுமதி கிடையாது. அதனால் உங்கள் பக்கம் அது வேலையே செய்யாது. மனைவி போனில் ஓடும், ஆனால் காட்டும் தொகை சரியாக இருக்காது.

ஏடிஎம்மில் 5,000 எடுத்தால் அதைச் செலவு என்று போட்டுக்கொள்ளும். அந்த 5,000-இல் மளிகை வாங்கியதை நீங்கள் கையால் பதிந்தால் ஒரே பணம் இரண்டு தடவை செலவாகிவிடும். கிரெடிட் கார்டிலும் இதே கதை: கார்டைத் தேய்க்கும்போது ஒன்று, மாதக் கடைசியில் பில் கட்டும்போது இன்னொன்று. உங்கள் கணக்கிலிருந்து மனைவி கணக்குக்கு அனுப்பினால் ஒரு போனில் செலவு, மற்றதில் வருமானம். ‘நாளை உங்கள் கணக்கில் இவ்வளவு பிடிக்கப்படும்’ என்று வரும் முன்னறிவிப்பைப் பிடித்தமாகவே எடுத்துக்கொள்ளும் ஆப்களும் உண்டு. இன்னொரு பக்கம், சிறு தொகை யுபிஐக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதையே சில வங்கிகள் நிறுத்திவிட்டன. டீ, காய்கறி, பஸ் எல்லாம் அந்தச் சிறு தொகைதான்.

யுபிஐ லைட் (சிறு செலவுக்கு முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் வசதி) வைத்திருந்தால் பாஸ்புக்கும் உதவாது. லைட்டுக்குப் பணம் ஏற்றும்போது 2,000 என்று ஒரே வரி பதிவாகும். அதிலிருந்து போன இருபது முப்பது சின்னச் செலவுகளும் வங்கி ஸ்டேட்மென்ட்டில் வராது, அந்த யுபிஐ ஆப்பின் வரலாற்றில்தான் பார்க்கணும். கணக்கு எழுதும்போது லைட்டைத் தனி மணிபர்ஸ் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இலவச ஆப்பின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசிக்கணும். நம்மூரில் இவற்றில் பல கடன் கொடுக்கும் தொழிலோடு சேர்ந்தவை. வால்நட் என்று பரவலாக ஓடிய செலவுக் கணக்கு ஆப்பை 2018-இல் கேபிடல் ஃப்ளோட் என்ற கடன் நிறுவனம் வாங்கியது, பிறகு அது ஆக்ஸியோ ஆனது. இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை, ஆனால் உங்கள் வரவு செலவு யார் கையில் போகிறது என்று தெரிந்தே கொடுங்கள். கடன் ஆப்கள் போனில் உள்ள தொடர்பு எண்கள், படங்கள், கோப்புகளைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே சொல்லிவிட்டது. செலவுக் கணக்குக்கு என்று இறக்கிய ஆப் தொடர்பு எண் அனுமதி கேட்டால் அப்போதே நீக்கிவிடுங்கள், அதற்கு அந்த எண்கள் எதற்கும் தேவைப்படாது.

எஸ்எம்எஸ் இல்லாமல் வங்கி விவரம் தானாக வர அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்ற வழி 2021-இலிருந்து இருக்கிறது. ஒப்புதல் கொடுக்கும் திரையில் எதற்காக, எத்தனை மாதத்துக்கு, எத்தனை முறை எடுப்பார்கள் என்று எழுதியிருக்கும், பிறகு ரத்தும் செய்யலாம். எஸ்எம்எஸ் அனுமதியைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் மண்டி ரொக்கம் அதில் வராது. உங்கள் வீட்டுக்கு அதுதான் பெரிய ஓட்டை.

வரவுசெலவு:

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இரண்டு பேர், இரண்டு விதமான போன், சந்தா வேண்டாம் என்றால் கூகுள் ஃபார்மும் கூகுள் ஷீட்டும்தான் என் பரிந்துரை. அமைக்க ஒரு மணி நேரம் போதும்.

ஃபார்மில் ஆறே கேள்வி: தேதி, தொகை, பிரிவு, எதிலிருந்து போனது, யார், குறிப்பு. தேதிக்கு ‘தேதி’ வகைக் கேள்வியே வையுங்கள். டைப் அடிக்க விட்டால் 5/6 என்பது ஜூன் 5-ஆ மே 6-ஆ என்று குழம்பும். தொகைக் கேள்வியில் பதில் சரிபார்ப்பு என்ற இடத்தில் ‘எண்’ மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள். இது இல்லாவிட்டால் யாராவது ‘250/-’ என்றோ ‘ரூ.250’ என்றோ போடுவார்கள். ஷீட் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு கூட்டலில் விட்டுவிடும், பிழை என்றும் காட்டாது. பிரிவு, எதிலிருந்து, யார் மூன்றும் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் வகை. டைப் அடிக்கக் கொடுத்தால் ‘மளிகை’, பின்னால் ஒரு இடைவெளி விட்ட ‘மளிகை ’, ‘மளிகைக்கடை’ என்று ஒன்றே மூன்று பிரிவாகிவிடும்.

பிரிவுகள் பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம். வாடகை, மளிகை, காய்-பால்-கறி, கேஸ்-கரண்ட், போக்குவரத்து, பள்ளி, மருத்துவம், துணி-வீட்டுச் சாமான், வெளிச்சாப்பாடு, மொய்-விசேஷம், ஊருக்கு, இதர. ‘இதர’ மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் உள்ளே ஏதோ ஒரு பிரிவு ஒளிந்திருக்கிறது, அதைப் பிரியுங்கள். முதலிலேயே நாற்பது பிரிவு போட்டால் ஒவ்வொரு தடவையும் எதில் போடுவது என்று யோசிப்பதிலேயே எழுதும் பழக்கம் நின்றுபோகும்.

ஃபார்ம் இணைப்பைக் குரோமில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் முகப்புத் திரையில் சேர்க்கச் சொன்னால் ஆப் மாதிரி ஒரு ஐகான் வந்துவிடும். ஐபோனில் சஃபாரியின் பகிர் பொத்தானில் இதே வசதி இருக்கிறது.

பதில்கள் விழும் தாளில் சூத்திரம் எதுவும் எழுதாதீர்கள். ஒவ்வொரு பதிலும் புது வரியாகச் செருகப்படுவதால் பக்கத்தில் போட்ட சூத்திரம் அந்த வரிக்கு இறங்காது. கணக்கெல்லாம் இன்னொரு தாளில். அங்கே இடப்பக்கம் பிரிவுகள், மேலே மாதங்கள், கட்டங்களில் சம்இஃப்ஸ் (SUMIFS, நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் சூத்திரம்): கூட்ட வேண்டியது தொகை, நிபந்தனை மூன்று, அதாவது பிரிவு இதுவாக இருக்கணும், தேதி மாதத் தொடக்கத்துக்குச் சமமாகவோ பிறகோ இருக்கணும், அடுத்த மாதத் தொடக்கத்துக்கு முன்னால் இருக்கணும். ‘மாதத் தொடக்கம்’ என்ற இடத்தில் 1-ஆம் தேதி போடாமல் 7-ஆம் தேதி போடுங்கள். உங்கள் பணம் 7-லிருந்து அடுத்த 6 வரை ஓடுவது. காலண்டர் மாதத்தில் பார்த்தால் முதல் ஆறு நாள் செலவு போன சம்பளத்தில் போனது, கணக்கு இந்தச் சம்பளத்தில் ஏறும்.

இன்னொரு விஷயம்: ஷீட் அமைப்புகளில் நாடு இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்கா என்று இருந்தால் வங்கி ஸ்டேட்மென்ட்டை ஒட்டும்போது 12-ஆம் தேதி வரையான தேதிகள் எல்லாம் மாதம் மாறி உட்காரும். 13 முதல் உள்ளவை வெறும் எழுத்தாக நிற்கும்.

மாந்தோப்பு:

ஃபார்முக்கு நெட் வேணுமே? அஞ்செட்டி, ஒகேனக்கல் மலைப்பாதைப் பக்கம் சிக்னலே கிடைக்காது. மை எக்ஸ்பென்சஸ் ஆப் பாருங்க, திறமூலம், ஆண்ட்ராய்டுல நெட் இல்லாமலே ஓடும். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதைச் செலவாக எடுக்காது, ஒரே பில்லை ரெண்டு மூணு பிரிவாகப் பிரிக்கவும் விடும். வேணும்போது சிஎஸ்வி கோப்பா (எக்செல்லில் திறக்கிற எளிய அட்டவணை) வெளியே எடுக்கலாம்.

எந்த ஆப்பா இருந்தாலும் முதல் நாளே ஒரு தடவை ஏற்றுமதி செய்து அந்தக் கோப்பு எக்செல்லில் திறக்குதான்னு பார்த்துடுங்க. மின்ட்னு அமெரிக்காவில் லட்சக்கணக்கில் ஆள் வெச்சிருந்த செலவுக் கணக்குச் சேவை, அதையே 2024 மார்ச்சில் மூடிட்டாங்க. கணக்கை வெளியே எடுக்க முடியாத ஆப்பில் அஞ்சு வருஷத்தை எழுதி வைக்கக்கூடாது.

வரவுசெலவு:

@மாந்தோப்பு நல்ல ஆப்தான், ஆனால் இவர் ஐபோன் வைத்திருக்கிறார், கணவன் மனைவி இருவரும் ஒரே கணக்கில் எழுதணும். ஒருவர் மட்டும் எழுதும் வீடு என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். சிக்னல் இல்லாத இடத்துக்குப் போனால் வாட்ஸ்அப்பில் தனக்கே ஒரு செய்தியாகப் போட்டு வைத்து, இரவில் தேதியை மாற்றி ஃபார்மில் ஏற்றலாம். தேதிக் கேள்வியைத் தனியாக வைக்கச் சொன்னது அதற்காகவும்தான். ஃபார்ம் தானாகப் போடும் நேர முத்திரையை நம்பினால் நேற்றைய செலவு இன்றைக்கு ஏறும்.

குழுக்கணக்கு:

தம்பி, அம்மா நோட்டில் எழுதுவது உங்களுக்குக் கிடைத்த வரம், அதை மாற்றச் சொல்லாதீங்க. மகளிர் குழுத் திட்டம் 1989-இல் தொடங்கியதே ஒன்றாக இருந்த நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். நம்ம பக்கத்துப் பெண்கள் நிறையப் பேருக்கு ரொக்கப் புத்தகம், சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் தனித்தனிப் பத்தியில் எழுதிப் பழக்கம். அந்த வடிவத்தையே கேளுங்க: தேதி, விவரம், வரவு, செலவு, கையிருப்பு. கடைசிப் பத்திதான் முக்கியம். கையிருப்பு எழுதாத நோட்டில் விட்டுப்போனது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. வாரம் ஒரு தடவை பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்க, நீங்க பிரிவு வாரியாக மொத்தத்தை ஏற்றினால் போதும்.

சந்தைச் செலவை ஒவ்வொன்றாக எழுதாதீங்க. போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்குப் போனால் தக்காளி, கீரை, கோழி, பையனுக்குப் பொரி என்று பதினைந்து இடத்தில் காசு போகும். கிளம்பும்போது பர்ஸில் எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு, வித்தியாசம் ‘சந்தை’ என்று ஒரே வரி. அதில் கோழி மட்டும் பெரிய தொகை என்றால் அதைத் தனியாக எடுங்க.

பால் பணத்தில் ஒரு இடம் தவறும். சொசைட்டியில் தீவனத்துக்குப் பிடித்துக்கொண்டு மீதிதான் கணக்கில் ஏறும். ஏறிய தொகையை மட்டும் வரவாக எழுதினால் மாடு செலவே இல்லாமல் பால் கறப்பது போலத் தெரியும். பால் அட்டையில் உள்ள முழுத் தொகையை வரவிலும், தீவனப் பிடித்தத்தைச் செலவிலும் எழுதணும். அப்போதுதான் மாடு கட்டுப்படியாகிறதா என்று தெரியும். மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் அதே கணக்கில் வந்தால் அதையும் பாலோடு கலக்காமல் தனி வரியில் எழுதுங்க.

மொய்க்குத் தனி நோட்டு எப்போதும் இருக்கட்டும்: பெயர், ஊர், என்ன விசேஷம், தேதி, தொகை. மாதக் கணக்கில் மொய் வைத்தால் செலவு, நமக்கு வந்தால் வரவு. அதைக் கடன் கொடுத்தது போல எழுதும் ஆட்களும் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எப்போது திரும்பும் என்று தெரியாத பணத்தை ‘வர வேண்டியது’ என்று எழுதினால் கையில் இல்லாத பணம் இருப்பது போலத் தோன்றும். வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்த மாதங்களில் மொய் குவியும். அதனால் வருஷ மொத்தத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் எடுத்து வையுங்க.

பாலக்கோட்டான்:

எல்லோருக்கும் நன்றி. ஃபார்ம் வழியிலேயே போகிறேன், அம்மா நோட்டு அப்படியே தொடரட்டும். அக்கா சொன்ன பால் அட்டை விஷயம் யோசிக்காத ஒன்று. சீட்டும் நகைக்கடனும்தான் இன்னும் புரியவில்லை. சீட்டுக் கட்டுவது செலவா, சேமிப்பா? எடுத்த பிறகு என்ன? கைமாத்தாக ஐநூறு ஆயிரம் கொடுத்து வாங்குவதை எப்படி எழுதுவது?

இரட்டைப்பதிவு:

இந்த மூன்றும்தான் சாதாரண செலவு ஆப்கள் தடுமாறும் இடம். விதி ஒன்றே: பணம் இடம் மாறினால் மாற்றம், திரும்ப வராமல் போனால்தான் செலவு.

உங்கள் சீட்டு 20 பேர், 20 மாதம், தவணை 5,000 என்று வைத்துக்கொள்வோம். ஷீட்டில் ‘சீட்டு’ என்று தனிப் பக்கம் திறங்கள். கழிவு (ஏலத்தில் தள்ளிய தொகையில் உங்கள் பங்கு) போக முதல் நான்கு மாதம் 4,000 வீதம் கட்டினால் இருப்பு 16,000. அது உங்கள் சேமிப்பு, செலவுப் பட்டியலில் வரக்கூடாது. ஐந்தாம் மாதம் ஏலத்தில் 20,000 தள்ளி (விட்டுக்கொடுத்து) எடுத்தால் கைக்கு 80,000 வருகிறது. அதை வருமானமாக எழுதக்கூடாது. சீட்டுப் பக்கத்தில் 80,000 கழியுங்கள், இருப்பு கழித்தல் 64,000. இந்த நிமிஷத்திலிருந்து சீட்டு உங்களுக்குக் கடன். மீதித் தவணைகளில் மொத்தம் 69,000 கட்டினால் முடிவில் 5,000 மிஞ்சி நிற்கும். அந்த 5,000 மட்டும்தான் செலவு, ‘வட்டி’ என்று எழுதி மூடுங்கள். கடைசி மாதங்களில் எடுத்தால் இதே கணக்கு கழித்தலில் முடியும், அது உங்கள் லாபம். எடுத்த 80,000-ஐ நகைக்கடனில் கட்டினால் அதுவும் செலவில்லை. ஒரு கடன் குறைந்து இன்னொன்று ஏறியது, அவ்வளவே.

ஒதுக்கும்போது மட்டும் தவணையை 4,000 என்று போடாமல் முழு 5,000 போடுங்கள். போகப் போக ஏலத்தில் தள்ளுவது குறையும், கட்ட வேண்டியது கூடும்.

நகைக்கடனில் வட்டி வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகை என்றால், மாதக் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது. 9 சதவீதம் என்றால் ஒரு லட்சத்துக்கு வருஷம் 9,000, மாதம் 750. அந்த 750-ஐ மாதாமாதம் தனியாக ஒதுக்குங்கள். உங்கள் ரசீதில் உள்ள சதவீதத்தைப் போட்டுக் கணக்கிடுங்கள், இடத்துக்கு இடம் மாறும்.

வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை வருவதையும் இதேபோல் செய்யணும். உதாரணத்துக்கு பள்ளி 24,000, தீபாவளி 15,000, பைக் இன்சூரன்ஸ் 1,800, ஊர் வீட்டு வரி 1,200. மொத்தம் 42,000, மாதம் 3,500. மொய்க்கு உங்கள் பழைய நோட்டைப் பார்த்துத் தொகை சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பணம் சம்பளக் கணக்கிலேயே கிடந்தால் நிற்காது. மனைவி பெயரில் இன்னொரு சேமிப்புக் கணக்கு, அதற்கு யுபிஐ இணைக்க வேண்டாம். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதால் ஒரு மாதம் பூஜ்யம், மறுமாதம் முழுசு என்று ஆடும், அதற்கும் பாதிப் பாதி ஒதுக்கலாம்.

இப்போது கூட்டுங்கள்: வாடகை 8,500, சீட்டு 5,000, ஊருக்கு 5,000, நகை வட்டி 750, ஒதுக்கீடு 3,500. மொத்தம் 22,750. 38,000-இல் மீதி 15,250. மொய், நகைக்கடன் அசலுக்கு என்று எடுப்பதும் இதிலிருந்துதான். நாலு வாரம் என்று வகுக்காதீர்கள், மாதத்தில் மேலும் இரண்டு மூன்று நாள் இருக்கிறது. 30-ஆல் வகுத்து ஏழால் பெருக்கினால் வாரத்துக்கு ஏறக்குறைய 3,550 வரும், 3,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரக் கணக்கு பார்ப்பவருக்குத் தாண்டியது ஏழாம் நாளே தெரியும். மாதக் கணக்கில் 25-ஆம் தேதிதான் தெரியும், அப்போது எதையும் குறைக்க வழியில்லை.

கைமாத்துக்கு ‘வர வேண்டியது’, ‘தர வேண்டியது’ என்று இரண்டு பக்கம். கொடுத்ததும் வாங்கியதும் அங்கே மட்டும். ஆறு மாதமாக அசையாத தொகையைச் செலவில் தள்ளிவிடுங்கள், வந்தால் வரவு.

இவ்வளவு பக்கம் ஷீட்டில் கையால் பார்ப்பது சிரமம் என்று பட்டால் கணினியில் க்னூகேஷ் போடுங்கள். இலவசம், திறமூலம், இரட்டைப் பதிவு முறை. சீட்டு, நகைக்கடன், கைமாத்து எல்லாம் அங்கே ஆளுக்கொரு கணக்கு. எந்தப் பதிவுக்கும் எங்கிருந்து எங்கே என்று இரண்டு பக்கமும் சொல்லியே ஆகணும். பழக இரண்டு மூன்று வாரம் ஆகும், மனைவியும் நீங்களும் ஒரே நேரத்தில் எழுதவும் முடியாது. ஃபார்மில் வந்ததை மாதம் ஒரு முறை சிஎஸ்வியாக அதில் ஏற்றுபவர்களும் உண்டு. முதல் வருஷம் ஷீட்டே போதும்.

தென்பெண்ணை:

இதில் சரிபார்ப்பு ஒன்று விட்டுப்போகிறது. மாதம் 6-ஆம் தேதி இரவு மூன்று எண்களை எழுதுங்கள்: வங்கி இருப்பு, பர்ஸில் உள்ள ரொக்கம், யுபிஐ லைட் இருப்பு. போன மாதம் 6-ஆம் தேதி எழுதிய மொத்தத்தோடு வந்ததைக் கூட்டி, போனதைக் கழித்தால் இதே மொத்தம் வரணும். வித்தியாசம் வங்கியில் இருந்தால் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் ஏதாவது ஆட்டோபே அல்லது வங்கிக் கட்டணமாக இருக்கும். ரொக்கத்தில் இருநூறு முந்நூறு துண்டு விழுந்தால் தேட வேண்டாம், ‘விட்டுப்போனது’ என்று ஒரு வரி எழுதி மூடிவிடுங்கள். அது ஆயிரத்தைத் தாண்டினால் ரொக்கத்தில் ஏதோ ஒரு செலவு பதிவாகாமலே போகிறது, அடுத்த மாதம் ரொக்கத்தை மட்டும் வாராவாரம் எண்ணிப் பாருங்கள்.

மாந்தோப்பு:

தக்காளியை வீட்டுக் கணக்கில் கலக்காதீங்க. அதுக்கு மாதக் கணக்கு ஒத்துவராது, வெள்ளாமைக்கு ஒரு பக்கம்னு போடுங்க. நாற்று, உரம், மருந்து, குச்சி, கட்டுக்கூலி, பறிக்கும் கூலி, வண்டி வாடகை ஒரு பக்கம். மண்டிச் சீட்டில் இருக்கிற முழு விற்பனைத் தொகை மறுபக்கம், கமிஷன் தனி வரி. ராயக்கோட்டை மண்டியிலும் சரி, பாலக்கோட்டிலும் சரி, விலை நாளுக்கு நாள் ஆடும். ஒரு நல்ல வார விலையைப் பார்த்து வீட்டுச் செலவைக் கூட்டிடக்கூடாது. அங்கிருந்து உங்களுக்கு வர்ற பணத்தை வீட்டு ஷீட்டில் ‘ஊரிலிருந்து’ன்னும், வெள்ளாமைப் பக்கத்தில் ‘வீட்டுக்கு எடுத்தது’ன்னும் எழுதுங்க. நீங்க அனுப்பற 5,000-இல் உரத்துக்குப் போனது எவ்வளவு, அப்பா மருந்துக்குப் போனது எவ்வளவுன்னு அம்மா நோட்டைப் பார்த்துப் பிரிச்சுடுங்க. உரத்துக்குப் போனது வெள்ளாமைப் பக்கம் ஏறணும், மருந்து மட்டும் வீட்டில் நிக்கணும். காய் பறிச்சு முடிஞ்சு கடைசி மண்டிச் சீட்டு வந்ததும் அந்தப் பக்கத்தைக் கூட்டி மூடிட்டு, அடுத்த பட்டத்துக்குப் புதுப் பக்கம் தொடங்குங்க.